பெயரும் பெயருடைய பொருளும்

அரபு மத்ரஸாக்களில் சில ஆண்டுகள் ஓதியவர் எவரும் ஒரு வழக்குரையைக் கேட்டிராமல் இருக்க முடியாது. கலைச்சொல்லில் பிணக்கில்லை என்பது அது. கலைச்சொல்லைக் குறிக்கும் ‘இஸ்திலாஹ்’ என்னும் சொல்லே ‘ஸுல்ஹு’ என்னும் உடன்பாட்டுப் பொருள் தரும் சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. ஒரு துறையார் கூடி, இன்ன பொருளை இன்ன சொல்லால் குறிப்போம் என்று இணங்கிவிட்டால், வெளியில் நிற்பவர் அச்சொல்லைப் பழிப்பதில் பயனில்லை. மன்திக் என்னும் தருக்கக் கலையார் ‘கியாஸ்’ என்பது ஒன்று. ஃபிக்ஹு நூலார் ‘கியாஸ்’ என்பது வேறொன்று. இருவரும் ஒரே திண்ணையில் அமர்ந்து ஒரே சொல்லை இரு பொருளில் ஓதிக்கொடுக்கின்றனர், சண்டை எழுவதில்லை.

ஆயினும் இவ்வழக்குரை ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது. பொருள் முன்னே இருத்தல் வேண்டும். சொல் பின்னே வருதல் வேண்டும். பொருள் உண்டா இல்லையா என்பதே வழக்காக இருக்குமிடத்தில் சொல்லை முதலிலேயே ஒப்புக்கொண்டால், வழக்கில் பாதியை எதிராளிக்குக் கொடுத்துவிட்டவராவோம். மேலை நாடுகளில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக நடந்துவரும் இயல்கடந்த நிகழ்ச்சிகளின் ஆராய்ச்சியில் வழங்கும் சொற்களை நாம் இந்த நோக்கிலேயே பார்க்க விழைகின்றோம். டெலிபதி, இ.எஸ்.பி., எக்டோபிளாசம், பொல்டர்கைஸ்ட் என்று இச்சொற்கள் தமிழ் ஏடுகளிலும் தாராளமாக உலவுகின்றன. அவற்றைப் பெயர்த்தெழுதுவோர் பொருளை ஆராய்வதில்லை. ஒலியை மட்டும் ஏற்றுமதி இறக்குமதி செய்கின்றனர். ஆகவே இது திறனாய்வாளர் தலையிட வேண்டிய இடமே.

1882ஆம் ஆண்டு இலண்டனில் உளவியல் ஆராய்ச்சிக் கழகம் ஒன்று தோன்றிற்று. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹென்றி சிட்ஜ்விக் அதன் முதல் தலைவர். கல்வியிற் சிறந்தோர் பலர் அதில் சேர்ந்தனர். அவ்வாண்டிலேயே அக்கழகத்து எஃப். டபிள்யூ. எச். மையர்ஸ் ‘டெலிபதி’ என்னும் சொல்லைப் படைத்தார். கிரேக்கத்தில் ‘டெலி’ தொலைவு. ‘பதி’ உணர்வு, உறுதல். அதற்கு முன்னர் ‘எண்ண மாற்றம்’, ‘எண்ணம் படித்தல்’ என்னும் பொருளுடைய எளிய ஆங்கிலத் தொடர்கள் வழங்கிவந்தன. எளிய தொடருக்கு ஒரு நன்மை உண்டு. ஒருவர் எண்ணத்தை மற்றவர் படித்தார் என்றால், எப்படிப் படித்தார் என்று எவரும் உடனே கேட்பர்; முகக்குறிப்பைப் பார்த்தா, இருமலைக் கேட்டா என்று துருவுவர். கிரேக்கப் போர்வையைப் போர்த்தியதும் அக்கேள்வி அடங்கிவிட்டது. தொடக்கக் காலத்தில் கழகத்தார் பெரிதும் நம்பிய சகோதரிகள் சிலர், தமக்குள் கண்ணாலும் ஒலியாலும் குறி காட்டிக்கொண்டது பின்னர் வெளிப்பட்டது. அதைக் கழகத்தாரே மறைக்காமல் அச்சிட்டனர், அந்நேர்மையைப் பாராட்டுகின்றோம். ஆனால் அவர்களைக் கொண்டு நிலைபெற்ற சொல் திரும்பப் பெறப்படவில்லை.

இதே சொல்லுக்கு இன்றைய அரபு எழுத்தாளர் என்ன பெயர் தந்தனர் என்று பார்ப்பது சுவையானது. ‘தவாருதுல் கவாதிர்’ என்று அவர்கள் எழுதுகின்றனர். எண்ணங்கள் ஒரே நீர்த்துறைக்கு வந்து சேர்தல் என்பது அதன் நேர்ப்பொருள். இது புதுச்சொல் அன்று. பழைய அரபு இலக்கியத் திறனாய்வின் சொல். இரு கவிஞர் பாக்களில் ஒரே கருத்தோ ஒரே தொடரோ காணப்பட்டால், பின்னவர் முன்னவரிடம் திருடினார் என்று தீர்ப்பதா, தற்செயலாக ஒத்தது என்று தீர்ப்பதா என்பது திறனாய்வாளரின் வழக்கு. திருட்டுக்கு ‘ஸரிகா’ என்றும், தற்செயல் ஒப்புமைக்குத் ‘தவாருத்’ என்றும் பெயரிட்டனர். குளம்படிமேல் குளம்படி விழுதல் என்னும் அழகிய உருவகமும் அதற்கு உண்டு. ஒரே பாதையில் இரு குதிரைகள் ஓடினால் ஒன்றன் சுவட்டில் மற்றொன்றன் கால் படுவது இயல்பு; முன்குதிரை பின்குதிரைக்குச் செய்தி அனுப்பியதில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, தவாருத் என்பது எந்தக் காரணத்தையும் வலியுறுத்தாத சொல் என்பது. ஒரே காலம், ஒரே நாடு, ஒரே பயிற்சி உடையவர் ஒரே எண்ணத்தை எய்துவர் என்பதே அதன் அடிப்படை. டெலிபதியோ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொலைவு கடந்து ஏதோ சென்றது என்று சாதிக்கும் சொல். தற்செயலைக் குறித்த சொல்லை எடுத்துச் செய்திப்போக்கைக் குறிக்கும் சொல்லுக்கு ஈடாக்கினர். பழைய திறனாய்வாளர் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் பாடுபட்டுப் பிரித்து வைத்த இரண்டை ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒரு நாளில் கலந்துவிட்டார் என்பதே நம் வருத்தம். தமிழிலோ வேறு விபத்து நேர்ந்தது. டெலிபதிக்குத் ‘தொலையுணர்வு’ என்று எழுதினர். பின்னர்ச் செயற்கைக்கோள்கள் நிலத்தைப் படம்பிடிக்கும் கலைக்கும் ‘தொலையுணர்தல்’ என்றே பெயர் வந்தது. நெல்வயலின் பரப்பை அளக்கும் கருவியும் பிறர் மனத்தை அறியும் ஆற்றலும் ஒரே சொல்லின் நிழலில் ஒதுங்கி நிற்கின்றன.

ஒரு சொல்லை எவ்வாறு சோதிப்பது? மன்திக் நூல்கள் ‘தஅரீஃப்’ என்னும் வரைவிலக்கணத்துக்கு இரு தகுதிகளை விதிக்கின்றன. ஒன்று ‘ஜாமிஃ’, குறிக்கப்படும் பொருளின் வகை அனைத்தையும் உள்ளடக்க வேண்டும். மற்றொன்று ‘மானிஃ’; அப்பொருளல்லாத எதையும் உள்ளே விடாது தடுக்க வேண்டும். மனிதன் நடக்கும் உயிர் என்றால் குதிரையும் நுழைந்துவிடும். மனிதன் எழுதும் உயிர் என்றால் எழுத்தறியாதவர் வெளியே நிற்பர். முதல் வகுப்பு மாணவருக்கும் தெரிந்த இவ்விதி, பெரிய பல்கலைக்கழகத்துச் சொற்களை எவ்வளவு தூரம் சோதிக்கிறது என்று பார்க்கலாம்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் என்பவர், பயிற்சியால் தாவரவியலார், 1934ஆம் ஆண்டில் ‘புலன் கடந்த அறிவு’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். இ.எஸ்.பி. என்னும் மூவெழுத்து அந்நூலால் உலகெங்கும் பரவியது. வட்டம், சிலுவைக் குறி, அலைக்கோடு, சதுரம், விண்மீன் என்று ஐந்து உருவங்கள். ஒவ்வொன்றும் ஐந்து சீட்டாக மொத்தம் 25 சீட்டுகள். மறைத்து வைத்த சீட்டு எது என்று ஒருவர் ஊகித்துச் சொல்ல வேண்டும். ஊகத்தால் மட்டும் சராசரி ஐந்து சரியாக வரும். அதற்கு மேல் தொடர்ந்து வந்தால் அதிகப்படியானதற்குப் புலன் கடந்த அறிவு என்று பெயர். அந்நாளைய சீட்டுகள் சிலவற்றில் உருவம் பின்புறமும் தெரிந்தது என்று குறை கூறப்பட்டு, பின்னர் முறைகள் திருத்தப்பட்டன. அதைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. நம் கேள்வி சொல்லைப் பற்றியது. எண்ணிக்கையில் ஒரு மிச்சம் கிடைத்தது. அந்த மிச்சத்துக்கு ‘அறிவு’ என்று பெயரிடப்பட்டது. எவ்வழியாக வந்த அறிவு என்று கேட்டால், எவ்வழியாகவும் வராத அறிவு என்பதே விடை. எதிர்மறையால் மட்டும் வரையறுக்கப்பட்ட பொருளுக்கு எல்லை ஏது? ஜாமிஃ உண்டு; மானிஃ இல்லை.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்ப்போம். இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி 1793ஆம் ஆண்டில் கண்ணிழந்த வௌவால்களும் தடைகளில் மோதாமல் பறப்பதைக் கண்டார். அக்காலத்து அறிவின்படி அதுவும் புலன் கடந்த நிகழ்ச்சியே. ஆனால் அதற்கு வானளாவிய பெயர் எதுவும் நிலைபெறவில்லை. அவருடைய ‘வௌவால் சிக்கல்’ என்றே பின்னோர் வழங்கினர். சிக்கல் என்னும் அச்சொல் எவ்வளவு அடக்கமானது! ஏறத்தாழ நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகள் சென்று, 1938இல் அமெரிக்க மாணவர் டொனால்டு கிரிஃபின், இயற்பியலார் பியர்ஸின் கருவியைக்கொண்டு, வௌவால் மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்புவதைக் கண்டறிந்தார். அதன் எதிரொலியைக் கொண்டே அது வழியறிகிறது என்பதும் மெய்ப்பிக்கப்பட்டது. எதிரொலியால் இடமறிதல் என்னும் கலைச்சொல்லை அவர் வெளியிட்டது 1944ஆம் ஆண்டில். பொருள் முன்னே, சொல் பின்னே. 1793இல் எவரேனும் ‘புலன் கடந்த பறத்தல்’ என்று பெயரிட்டு ஒரு கழகமும் அமைத்திருந்தால், கருவி வந்த நாளில் அக்கழகத்தார் மகிழ்ந்திருப்பார்களா, வருந்தியிருப்பார்களா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ரைனுக்குப் பின்வந்தோர் இக்குறையை ஓரளவு உணர்ந்தனர் என்பதையும் மறைக்கலாகாது. ஆங்கில உளவியலார் தௌலஸ் 1942ஆம் ஆண்டில், வீஸ்னர் என்பவர் கருத்துரைத்தபடி, ‘சை’ என்னும் கிரேக்க எழுத்தை மட்டும் பெயராகக் கொள்ளலாம் என்றார். எக்காரணத்தையும் முன்கூட்டிச் சாதிக்காத வெறுங்குறி ஒன்று வேண்டும் என்பது அவர் நோக்கம். கணக்கில் தெரியாத எண்ணுக்கு ஓர் எழுத்தை இடுவதுபோல. நல்ல நோக்கம்தான். ஆனால் எழுத்துக்கும் பேராசை பிடிக்கும் போலும். சில ஆண்டுகளில் ‘சை ஆற்றல்’, ‘சை உடையோர்’, ‘சை தவறல்’ என்று அது குடும்பம் பெருக்கிவிட்டது. இவற்றுள் ‘சை தவறல்’ என்பதை வாசகர்கள் சிறிது நின்று நோக்க வேண்டும். ஊகம் ஐந்துக்கு மேல் சென்றால் சை; ஐந்துக்குக் கீழே விழுந்தாலும் சை, ஆனால் எதிர்த்திசையில் வேலை செய்கிறது என்பது அச்சொல்லின் பொருள். நியூயார்க் உளவியலார் கெர்ட்ரூட் ஷ்மைட்லர், நம்புவோரைச் செம்மறியாடு என்றும் நம்பாதோரை வெள்ளாடு என்றும் பகுத்தார். விவிலியத்தின் இறுதித் தீர்ப்பு உவமையிலிருந்து எடுத்த பெயர்கள். நம்புவோர் கூடுதலாகவும் நம்பாதோர் குறைவாகவும் ஊகிப்பர் என்பது அவர் முடிவு. அவர் ஆய்வில் கடின உழைப்பு உண்டு. எனினும் வென்றாலும் சான்று, தோற்றாலும் சான்று என்று ஆனபின், எது நிகழ்ந்தால் கொள்கை பொய்யாகும் என்று சொல்ல இடமில்லாமற் போகிறது. ‘மானிஃ’ இல்லாத சொல்லின் முடிவு இதுதான்.

பிரெஞ்சு மருத்துவ அறிஞர் சார்லஸ் ரிஷே இருவேறு சொற்களைப் படைத்தார். அவ்விரண்டின் வரலாறும் நம் வாதத்துக்குப் போதுமான சான்று. 1902ஆம் ஆண்டில் அவரும் போர்த்தியேயும், கடல் உயிரின் நஞ்சை நாய்க்குச் சிறு அளவில் செலுத்திச் சில வாரங்கள் கழித்து மீண்டும் செலுத்தினால், காப்பு உண்டாவதற்கு மாறாக நாய் சில நிமிடங்களில் இறந்துபடுவதைக் கண்டனர். காப்புக்கு எதிரானது என்னும் பொருளில் ‘அனபிலாக்சிஸ்’ என்று பெயரிட்டனர். 1913இல் ரிஷேவுக்கு நோபெல் பரிசு கிடைத்தது இதற்காகவே. இன்று எந்த ஊர் மருத்துவமனையிலும் ஊசி போட்டபின் நோயாளி மூச்சுத் திணறினால், மருத்துவர் வாயில் வருவது அச்சொல்தான். அதற்குரிய மருந்தும் கையில் இருக்கும். அதே ரிஷே 1894ஆம் ஆண்டளவில், ஆவி அழைப்போர் உடலிலிருந்து வழிவதாகச் சொல்லப்பட்ட வெண்பொருளுக்கு ‘எக்டோபிளாசம்’ என்று பெயரிட்டார். உயிரணுவின் வெளிப்படலத்தைக் குறிக்க உயிரியலார் முன்னரே வழங்கிய சொல்; ஆய்வகத்திலிருந்து இருட்டறைக்குக் கடன் வாங்கப்பட்டது. ஒரே மனிதர், ஒரே கிரேக்கப் பயிற்சி, ஒரே கூரிய அறிவு. ஒரு சொல் உயிர் காக்கிறது. மற்றொன்று என்னவாயிற்று?

1931ஆம் ஆண்டில் ஹாரி பிரைஸ் என்னும் ஆராய்ச்சியாளர் ஹெலன் டங்கன் என்னும் ஸ்காட்லாந்து அம்மையாரைச் சோதித்தபோது, எக்டோபிளாசமாகக் காட்டப்பட்டது விழுங்கி வெளிக்கொணரப்பட்ட மெல்லிய துணி என்று முடிவு கட்டினார். அதே அம்மையார் 1944இல் இலண்டனில் தண்டிக்கப்பட்டார். 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டத்தின்படி. சூனியக்காரி என்று தண்டித்தார்கள் என்று சிலர் எழுதுவது பிழை. அச்சட்டம் சூனியம் செய்வதைக் குற்றமாக்கவில்லை. செய்வதாகப் பாவனை காட்டுவதையே குற்றமாக்கியது. சட்டம் இயற்றியவர்கள் ஒரே வினைச்சொல்லால், பொருள் உண்டா இல்லையா என்னும் வழக்கிலிருந்து தப்பித்துக்கொண்டனர். 1951இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. கலைச்சொல் வகுப்போர் சட்டம் வகுப்போரிடம் பாடம் கேட்கலாம்.

இனி ‘பொல்டர்கைஸ்ட்’. ஜெர்மன் மொழியில் ‘பொல்டர்’ தடபுடல் ஒலி, ‘கைஸ்ட்’ ஆவி. கேதரின் குரோ என்னும் எழுத்தாளர் 1848ஆம் ஆண்டு நூலில் அதை ஆங்கிலத்துக்குக் கொணர்ந்தார். வீட்டில் கல் விழும், பாத்திரம் உருளும், கதவு தட்டப்படும், ஆளைக் காணோம். ஜெர்மன் பெயர் ஓசையைக் கூறுகிறது. ஓசையிட்டது ஆவி என்றும் கூறிவிடுகிறது. 1958இல் அமெரிக்காவில் லாங் ஐலண்டைச் சார்ந்த சீஃபோர்டில் புட்டிகள் தாமே திறந்துகொண்டதாகச் சொல்லப்பட்ட ஒரு வீட்டை ஆராய்ந்த பிராட்டும் ரோலும், ஆவியை விலக்கி, ‘திரும்பத் திரும்பத் தானே நிகழும் மன உந்தல்’ என்று பொருள்படும் நான்கெழுத்துப் பெயரை இட்டனர். ஆவி போயிற்று, அதன் இடத்தில் அவ்வீட்டில் வாழும் ஒருவர், பெரும்பாலும் பருவம் எய்தும் சிறுவனோ சிறுமியோ, அறியாமலே தம் மனத்தால் பொருள்களை எறிகின்றார் என்றாயிற்று. கையால் எறிந்திருக்கலாமே என்று கேட்பவர்க்கு அப்பெயரில் இடமில்லை.

தமிழில் இதைப் பெயர்த்தோர் சிலர் ‘குட்டிச்சாத்தான்’ என்று எழுதிவிட்டனர். கல்லெறிதலும் சோற்றில் அழுக்கிடுதலும் குட்டிச்சாத்தானுக்கு வழக்கில் ஏற்றிச் சொல்லப்படுவன ஆதலால் பொருத்தம் என்று எண்ணினர் போலும். பொருத்தமே இல்லை, கேடும் உண்டு. குட்டிச்சாத்தான் தானே வருவதில்லை, ஏவப்படுவது. அப்பெயரைச் சொன்ன உடனே ஏவியவர் யார் என்னும் கேள்வி எழும். வேலித் தகராறில் பேசாதிருக்கும் அண்டை வீட்டாரோ, பங்கு கேட்ட தாயாதியோ நினைவுக்கு வருவர். ஜெர்மன் பெயர் குற்றவாளியாக ஆவியை நிறுத்துகிறது. அமெரிக்கப் பெயர் வீட்டுப் பிள்ளையை நிறுத்துகிறது. நம் பெயர் பக்கத்து வீட்டுக்காரரை நிறுத்துகிறது. நிகழ்ந்ததோ ஒன்று: ஓட்டின்மேல் கல் விழுந்தது. ‘கல் விழுந்தது’ என்று எழுதுவதே மொழிபெயர்ப்பாளருக்கு நேர்மை. ‘அமானுஷ்யம்’ என்னும் பொதுச்சொல்லிலும் இதே நோய் உண்டு. ஆங்கிலச் சொல் வழக்கத்துக்குப் புறம்பானது என்ற அளவில் நிற்கிறது. நம் சொல் மனிதச் செயலன்று என்றே தீர்ப்புரைக்கிறது.

சாட்சிகளைத் தரம் பிரிக்கும் சொற்களைப் பற்றியும் கூற வேண்டும். ஹதீஸ் கலையில் செய்தியின் தரத்துக்கு ‘ஸஹீஹ்’, ‘ஹஸன்’, ‘ளயீஃப்’ என்று பெயர்கள் உண்டு. இவை செய்தியைக் கொணர்ந்த சங்கிலியையும் செய்தியின் வாசகத்தையும் சோதித்தபின் தரப்படுவன. யார் கேட்டார், யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்ததுண்டா, அவர் நினைவாற்றல் எத்தகையது, பிற அறிவிப்பாளரோடு முரண்படுகின்றாரா என்று துருவித் துருவி வைத்த பெயர்கள். இலண்டன் கழகத்தார் 1886இல் வெளியிட்ட பெருநூலில், தொலைவில் ஒருவர் இறக்கும் வேளையில் அவருடைய தோற்றத்தைக் கண்டதாக எழுநூறுக்கு மேற்பட்ட செய்திகளைத் தொகுத்தனர். கண்டவரை நேரில் வினவியதும் பலவற்றில் உண்டு. அடுத்த ஆண்டே டெய்லர் இன்னஸ் என்னும் ஸ்காட்லாந்து வழக்கறிஞர் ஒரு கேள்வி கேட்டார்: இறப்புச் செய்தி வருமுன்னரே கண்ட காட்சியை எழுதி அஞ்சலில் இட்ட கடிதம் எங்கே? அஞ்சல் முத்திரை பதிந்த அத்தகைய கடிதம் ஒன்றையேனும் காட்டுங்கள் என்றார். ஹதீஸ் கலை பயின்றவர் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய கேள்வி. நிறைவான விடை அன்று வரவில்லை. 1894இல் பதினேழாயிரம் பேரை வினவி மற்றொரு தொகுப்பு வந்தது. ஏறத்தாழ பத்தில் ஒருவர், விழித்திருக்கையில் இல்லாததைக் கண்டோ கேட்டோ இருப்பதாகக் கூறினர். இத்தொகுப்பின் அரும்பயன், நலமுள்ளோர்க்கும் பொய்த்தோற்றம் உண்டாகும் என்று காட்டியதே. ஆனால் கழகத்தார் இறப்பு வேளையோடு ஒத்த தோற்றங்களுக்கு ‘உண்மை பகரும் பொய்த்தோற்றம்’ என்னும் பொருளில் ஒரு பெயர் இட்டனர். மெய்யான பொய் என்பது போன்ற இத்தொடரைக் கேட்டால் மன்திக் ஆசிரியர் பிரம்பை எடுப்பார்.

பிற்காலத்தார் இந்த அளவுக்கும் உழைக்கவில்லை. 1959இல் சுவீடனின் யூர்கென்சன் பறவை ஒலியைப் பதிவு செய்தபோது இறந்தோர் குரல் கேட்டதாகக் கூறினார். லாட்வியாவின் ரௌடிவே அதைப் பெருக்கினார். இக்குரல்களுக்கு அமெரிக்க ஆர்வலர் வகுத்த தரங்கள் மூன்று: எவரும் தெளிவாகக் கேட்கக்கூடியது முதல் தரம், சொல்லிக்கொடுத்தால் கேட்கக்கூடியது இரண்டாம் தரம், காதைத் தீட்டினாலும் ஐயமுள்ளது மூன்றாம் தரம். ஸஹீஹ், ஹஸன், ளயீஃப் போலத் தோன்றுகிறதல்லவா? தோற்றம் மட்டுமே. இது கேட்பவர் காதைத் தரம் பிரிப்பது. ஒலி எங்கிருந்து வந்தது என்று வினவுவதன்று. வானொலி அலை நுழைந்ததா, பதிவு செய்தவர் மூச்சா, நாடாவின் இரைச்சலில் மனம் தானே சொல்லைக் கோத்துக்கொண்டதா என்பவை ஸனதைச் சார்ந்த கேள்விகள். ஸனது இல்லாத முதல் தரம் என்ன தரம்? மின்பணியாளர் கம்பிகளைச் சோதிக்கும் காந்தமானியைக் கையில் ஏந்தி, அதன் விளக்கு எரிந்தால் ஆவி வந்தது என்பதும், ஒளிப்படத்தில் தூசு பளிச்சிட்டால் ‘உருண்டை’ என்று பெயரிடுவதும் அண்மைக்காலத் தொலைக்காட்சியின் கொடை. அவற்றை ஆராய்வது வீண்.

நற்சொல் எதுவுமே அவர்களிடம் பிறக்கவில்லையா என்றால், பிறந்ததுண்டு. 1986ஆம் ஆண்டில் ஆதரவாளர் ஹோனர்ட்டனும் ஐயவாதி ஹைமனும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டனர். கண்ணையும் காதையும் மங்கலான ஒரே ஒளியாலும் ஒரே இரைச்சலாலும் நிறைத்துச் செய்யும் ‘கான்ஸ்ஃபெல்டு’ ஆய்வுகளில், எந்த விதிகள் கடைப்பிடிக்கப்பட்டால் முடிவை இருதரப்பும் ஏற்கும் என்று ஒத்துக்கொண்டனர். முடிவில் மாறுபட்டோர் முறையில் உடன்பட்டனர். இதுவன்றோ இஸ்திலாஹ்! அதன்பின் 1994இல் நான்கில் ஒன்று என்னும் ஊகத்துக்கு மேலாக, நூற்றுக்கு 32 சரியாக வந்ததென்று ஹோனர்ட்டன் தரப்பு அறிவித்ததும், 1999இல் மில்ட்டனும் வைஸ்மனும் வேறு முப்பது ஆய்வுகளைத் தொகுத்து அத்தகைய பயனைக் காணவில்லை என்றதும் வரலாறு. இப்படி வாதிடுவோரிடம் நமக்குப் பிணக்கில்லை. ‘முன்னறிதல்’ என்று பழைய காலத்தில் சொன்னதையும் ‘தொலைநோக்கு’ என்று பழைய காலத்தில் சொன்னதையும் புதுப்பெயர் சூட்டி விற்போரிடமே பிணக்கு. 1970களில் அமெரிக்க அரசின் பணம் இத்துறைக்கு வரத்தொடங்கியதும், கிளேர்வாயன்ஸ் என்று நெடுங்காலமாக வழங்கியதற்குத் ‘தொலைப் பார்வை’ என்று பொருள்படும் படைத்துறைக்கு ஏற்ற பெயர் வந்தது. உளவுக்குப் பயன்பட்டதாகக் காட்ட இயலாமல் 1995இல் அத்திட்டம் மூடப்பட்டது.

இவை எல்லாம் மேனாட்டார் சொல்விளையாட்டு, நமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். பெயர் என்ன செய்யும் என்பதை நம் கரையிலேயே பார்த்திருக்கின்றோம். அரபில் ஜீம், நூன், நூன் என்னும் வேர் மறைத்தலைக் குறிக்கும். கண்ணுக்கு மறைந்திருப்பது ஜின். கருவறையில் மறைந்திருப்பது ஜனீன். மரங்கள் அடர்ந்து மறைத்த சோலை ஜன்னத். அறிவு மறைக்கப்பட்டவன் மஜ்னூன். மொழி நூலார் ஒரே வேர் என்றுதான் சொன்னார்கள். அறிவு மறைந்தவர் ஒவ்வொருவரையும் ஜின் மறைத்தது என்று அந்நூலார் சொல்லவில்லை. வலிப்பைக் குறிக்கும் ‘ஸரஃ’ என்னும் சொல்லில், தீய உயிர்களால் வருவது, உடலின் கெட்ட நீர்மங்களால் வருவது என்று இருவகை உண்டு எனவும், இரண்டாவதே மருத்துவர் ஆராய்வது எனவும் பதினான்காம் நூற்றாண்டின் இப்னு கய்யிம் பிரித்தெழுதினார். அவ்வளவு முன்னரே பிரிக்கப்பட்டது, நம் பேச்சு வழக்கில் மீண்டும் ஒட்டிக்கொண்டது. பிடித்தது என்னும் ஒரே வினை, வலிப்பையும் மனநோயையும் மகப்பேற்றுக்குப் பிந்திய மயக்கத்தையும் வாரி அள்ளிக்கொண்டது.

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட இயலாமல் மாண்டனர். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பத்தார் கொடியவர்கள் அல்லர். பிள்ளை தேற வேண்டுமென்று நெடுந்தொலைவு வந்தவர்கள். ஆனால் பிடித்திருக்கிறது என்னும் சொல்லைச் சொன்னவர் எவரோ, அச்சொல்லுக்கு ஏற்ற மருந்தாகச் சங்கிலியையும் அவர் சொன்னவராகிறார். நோய் என்னும் சொல் அவ்வீட்டுத் திண்ணையில் முதலில் ஏறியிருந்தால் வண்டி வேறு திசையில் போயிருக்கும். இதில் ஜின் என்னும் படைப்பை மறுக்கும் பேச்சு எதுவுமில்லை. ஒரு படைப்பு உண்டென்று நம்புவது வேறு. இந்த ஊரில் இந்தப் பையனிடம் இந்த வியாழக்கிழமை அது இருக்கிறது என்று சாட்சி சொல்வது வேறு. முன்னதற்கு ஈமான் போதும். பின்னதற்கு ஸனது வேண்டும்.

இத்துறை பற்றித் தமிழில் எழுதுவோரிடம் நாம் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம். ‘ஆவி’ என்னும் சொல்லைக் குறைத்தல் நன்று. கொதிக்கும் நீரின் புகை, மூச்சு, உயிர், இறந்தவர் என்று நான்கையும் சுமக்கும் சொல் அது. அரபில் ‘ரூஹு’க்கும் காற்றைக் குறிக்கும் ‘ரீஹு’க்கும் உள்ள உறவை ஒத்தது. கவிதைக்கு அது செல்வம், ஆய்வுக்கோ இடர். ரூஹைப் பற்றி நம் முன்னோரில் பலர் வரையறை கூறாமல் நிறுத்திக்கொண்டதும் எண்ணத்தக்கது. இ.எஸ்.பி. என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஊகத்துக்கு மேற்பட்ட சரியான விடைகள்’ என்று எழுதினால் நான்கு சொற்கள் கூடும், பக்கம் கெட்டுவிடாது.

மேலும், இவ்வாராய்ச்சியில் பிறந்த சொற்களுள் மிகப் பயனுள்ள ஒன்றைத் தமிழ் ஏடுகள் இன்னும் கொண்டுவரவில்லை. 1852இல் ஆங்கில மருத்துவர் கார்ப்பென்டர், எண்ணம் மட்டுமே தசையை அசைத்துவிடும், அசைத்தவர் அதை அறியார் என்று கூறி அதற்கு ஒரு பெயரிட்டார். மறுஆண்டு ஃபாரடே, மேசையைச் சுற்றிக் கைவைத்து அமர்ந்தோர் விரலுக்கும் மேசைக்கும் இடையே நகரும் தகடுகளை வைத்து, கையே முதலில் நகர்கிறது, மேசை பின்னரே நகர்கிறது என்று காட்டினார். அமர்ந்தவர்கள் பொய்யர்கள் அல்லர். தாம் தள்ளுவதைத் தாமே அறியாதவர்கள். இதைத் ‘தன்னறியா அசைவு’ எனலாம் என்பது நம் கருத்து. இதனினும் நல்ல சொல் தருவார் இருந்தால் ஏற்போம். பலகையில் எழுத்துகளைப் பரப்பி, கவிழ்த்த கோப்பையின்மேல் விரலை வைத்து இறந்தோரோடு பேசுவதாகப் பள்ளி விடுதிகளில் பிள்ளைகள் விளையாடுவதும், பின்னர் அஞ்சி உறங்காமல் கிடப்பதும் இன்றும் உண்டு. அடுத்த முறை அக்கோப்பையைப் பற்றி எழுதுபவர், ஃபாரடேயின் தகடுகளைப் பற்றியும் சேர்த்து எழுதுவாராக.